பெட்டித் துணி தைத்த மெஷின்

கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கமாகத் திருப்பினேன். மயிரிழை அளவுகூட அசையவில்லை. ஊசிக் கம்பி பாதி இறங்கிய நிலையில் நின்றிருந்தது. ஆச்சி கடைசியாகத் தைத்துவிட்டு எழுந்தபோது எங்கே நின்றதோ, ஆறு ஆண்டாக அங்கேயே நிற்கிறது. மர மூடியின் மேல் கருப்பட்டிக் கொட்டான், பழைய காலண்டர்கள், உடைந்த டார்ச் விளக்கு என்று என்னென்னவோ ஏறியிருந்தன. எல்லாவற்றையும் இறக்கி வைத்து மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது தேங்காய் எண்ணெயின் காறல் வாடை. ஆச்சியின் தலையணையில் வரும் அதே வாடை.

உஷா மெஷின். கறுப்புத் தலை, வார்ப்பிரும்புக் கால்கள், காலால் மிதித்து ஓட்டுவது. 1960களில் தவணை கட்டி வாங்கியது என்பாள் அத்தை. எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்துக்குப் பக்கம். ஆடிக் காற்றடித்தால் தேரி என்னும் செம்மணல் மேட்டின் மண் வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையில்கூடப் படியும். மெஷினுக்குள் மட்டும் போகாமல் இருக்குமா?

முதலில் இதைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சக்கரத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். தலையை எடைக்குப் போட்டுவிடுங்கள், ஸ்டாண்டின் மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கிக்கொள்ளுங்கள், இப்போது வீடுகளில் அதுதான் அழகு என்றார். வந்த ஆட்டோவிலேயே திருப்பி ஏற்றினேன். அவரிடம் கோபமில்லை. அந்த மெஷின் என்ன தைத்தது என்று அவருக்குத் தெரியாது.

பகலில் அது காசுக்குத் தைத்தது. தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஒன்பது வயது, அத்தைக்கு ஆறு, சித்தப்பா கைக்குழந்தை. ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துத்தான் ஆச்சி மூன்று பேரையும் படிக்க வைத்தாள். இரவில் அது காசில்லாமல் தைத்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேய்ப்பர் அங்கி, ஆலயத்தின் பீடத் துணி, விடுதிப் பிள்ளைகளுக்குக் கால்சட்டை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்டித் துணி.

ஊரில் துக்க மணி அடித்தால் ஆச்சி எழுந்து முகம் கழுவிவிட்டு மெஷின் மூடியைத் திறப்பாள். கொஞ்ச நேரத்தில் ஆலயப் பணியாளரான கோயில் குட்டியார் வெள்ளைத் துணியோடு வந்து நிற்பார். தச்சர் சவப்பெட்டி செய்து முடிப்பதற்குள் உள்ளே வைக்கும் துணியை ஆச்சி தைத்து முடிக்க வேண்டும். ஆறடிப் பெட்டியின் உள்விளிம்பைச் சுற்றிவரப் பதினாறு அடி. அதைச் சுருக்கு வைத்து அலையலையாக வரச் செய்ய வேண்டுமானால் இரு மடங்கு துணி, ஏறக்குறைய பத்து மீட்டர். எந்த வீடு, என்ன வசதி என்ற கணக்கெல்லாம் ஆச்சியிடம் இல்லை. கோயிலுக்கு வராதவர்களுக்கும் தைத்தாள். சண்டை போட்டுப் பேச்சை விட்டிருந்த பங்காளி வீட்டுக் கிழவருக்கும் அதே பத்து மீட்டர்தான், அதே லேஸ்தான்.

லேஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆச்சி அதைத் தலைமாட்டுப் பக்கம் மட்டும் வைப்பாள், தன் கையால் பின்னியதை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு லேஸ் பழைய கைவேலை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, மிஷனெரி கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்த வேலையும் தேரிக்காட்டுக்கு வந்தது. ஆச்சி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் கற்றுக்கொண்டாள். விற்றால் நல்ல விலை போகும் வேலை அது. ஆச்சி அதை மண்ணுக்குள் வைத்து அனுப்பினாள்.

பெட்டித் துணி தைக்கும் இரவுகளில் எனக்கு ஒரு வேலை உண்டு. மெஷினுக்குப் பின்னால் நின்று, தைத்து வரும் துணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். தரையில் படக்கூடாது. அழுக்காகும் என்பதால் மட்டுமல்ல. போகிறவருக்குப் போடும் படுக்கை, அதைக் கீழே போடலாமா என்பாள். ஏழெட்டு வயதில் தூக்கக் கலக்கத்தோடு அப்படி நின்றிருக்கிறேன். கை நிறைய வெள்ளைத் துணி சேர்ந்துகொண்டே வரும்.

ஆச்சி இறந்தபோது மெஷின் இறுகிப் போயிருந்தது. கடைசி ஆண்டுகளில் கண்ணும் முழங்காலும் அவளைத் தைக்க விடவில்லை. ஊரில் தச்சரும் இல்லை. டவுனிலிருந்து வாங்கிவந்த பெட்டியில் பளபளப்பான துணியை மரத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். தலைமாட்டில் வரிசையாகப் பின்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஆச்சியின் வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துவந்து, பின்கள் தெரியாதபடி விரித்துவிட்டாள். ஊருக்கே தைத்தவளுக்குத் தைக்க ஆள் இல்லையே என்று அன்றைக்கு நான் பட்ட வேதனை இன்னும் குறையவில்லை.

அடக்க ஆராதனையில் எங்கள் சபைப் போதகர் ஐயர், வேதாகமத்தில் வரும் தொற்காளைப் பற்றிப் பேசினார். யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளை எல்லாம் விதவைகள் பேதுருவிடம் காட்டி அழுதார்களே, அந்தப் பகுதி. கேட்டுக்கொண்டே நினைத்தேன். ஆச்சி தைத்ததில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. மீதி பிள்ளைகள் உடுத்திக் கிழித்தது. யார் எதைக் கொண்டுவந்து காட்டுவார்கள்? இந்த மெஷின் ஒன்றுதான் மிச்சம். அதையும் மேசையாக்கச் சொன்னார்கள்.

விடுமுறை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். யாருடைய வீட்டிலாவது இப்படி ஒன்று மூலையில் இருந்தால் உதவும்.

முதல் நாள் எதையும் கழற்றவில்லை. அடிநூல் உருளையான பாபின் இருக்கும் கேஸை மட்டும் வெளியே எடுத்தேன். அதற்குள் பாபினில் பாதிக்கு மேல் வெள்ளை நூல் இருந்தது, ஆச்சி சுற்றியது. அதை ஒரு தாளில் மடித்து மேசை டிராயரில் வைத்தேன். பிறகு தலையின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்தேன். கழற்றும் திருகுகளை வைக்க அத்தையின் பழைய இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு பகுதி, குழிக்குப் பக்கத்தில் எண் எழுதிய ஒட்டுத்தாள். இந்த மெஷின்களின் திருகுகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மரை வேறு வேறு. கலந்துவிட்டால் தொல்லை. திருப்புளியும் திருகின் பிளவில் சிக்கென்று உட்கார வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பிளவு சிதைந்துபோகும், அப்புறம் அந்தத் திருகை வெளியே எடுக்கவே முடியாது.

இறுகியதற்குக் காரணம் வாடையிலேயே தெரிந்துவிட்டது. மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் ஆச்சி தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயையே விடுவாள். கடைக்குப் போகும் நேரத்தில் ஒரு ரவிக்கை முடிந்துவிடுமே. தாவர எண்ணெய் காற்றில் கிடந்து நாளாக ஆகக் கெட்டிப்படும். பஞ்சும் தேரி மண்ணும் அதில் சேர்ந்தால் பிசின்தான். மெஷினுக்கென்று விற்கும் எண்ணெய் பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய் வகை, அது அப்படி இறுகாது. தயவுசெய்து சமையலறை எண்ணெயை மெஷினுக்கு விடாதீர்கள். ஆச்சி செய்ததுதான், ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் வெறும் சூடு மட்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் ஊசிக் கம்பிப் பக்கம் பத்து நிமிடம், அடிப்பக்கத்து அச்சுகளுக்குப் பத்து நிமிடம். பழுப்புப் பிசின் இளகி மெல்ல வழிந்தது, பழைய துணியால் துடைத்தேன். நன்றாக ஆறிய பிறகு, மறுநாள் காலையில், வாசலில் வைத்து மண்ணெண்ணெய். சூட்டையும் மண்ணெண்ணெயையும் ஒரே நேரத்தில் சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். பக்கத்து வீட்டில் வாங்கிய அரை லிட்டரில், சிரிஞ்சால் ஒவ்வொரு எண்ணெய்த் துளைக்கும் நாலைந்து சொட்டு விட்டேன். தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியில் உரசும் இடம் ஒவ்வொன்றுக்கும் விட்டேன். பிறகு காத்திருப்பதுதான் வேலை. காலையும் மாலையும் சொட்டு விடுவது, சக்கரத்தை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துப் பார்ப்பது, விட்டுவிடுவது. சுத்தியலைத் தொடவில்லை. இறுகிய மெஷினைப் பலத்தால் திருப்பினால் உள்ளே ஏதாவது வளையும்.

ஐந்தாம் நாள் சக்கரத்தின் நடுத்திருகு கழன்றது. அதைத் தளர்த்தியதும் சக்கரம் தனியாகச் சுழன்றது. அப்படியானால் சக்கரத்தில் குற்றமில்லை, பிடித்திருப்பது உள்ளேதான். முகத்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது ஊசிக் கம்பி வெள்ளையாக இல்லை, தேன் நிறத்தில் இருந்தது. அதன் மேலும் கீழும் பிசின் வளையம். அதைச் சுரண்டவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணிநாடாவைச் சுற்றிக் கட்டி இரவு முழுவதும் விட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே போகிறபோக்கில் சக்கரத்தைத் தொட்டேன். ஊசிக் கம்பி கீழே இறங்கியது. ஆச்சி தைக்காமல் விட்ட பாதித் தையல் அன்றைக்கு முடிந்தது. அத்தையைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, தானும் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள்.

அன்றைக்கே ஊசிக்கு அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றினேன். இந்த இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

துணியை நகர்த்தும் பற்களைச் சுற்றி, தகட்டின் கீழே, பஞ்சு சேரும். ஓடும் துணியிலிருந்தும் நூலிலிருந்தும் உதிரும் துகள் எண்ணெயோடு அழுந்திக் கம்பளித் துணிபோல் கெட்டியாகிவிடும். பொதுவாக ஊசியால் கிளறித் தூரப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் கிளறப்போனேன். முழுதாக, சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். கிணறு வெட்டும்போது மண் அடுக்கடுக்காகத் தெரியுமே, அப்படி நிறம் நிறமாக இருந்தது.

மேலே வெள்ளை. அதற்குக் கீழே மெல்லிய அரக்கு நிறம். மறுபடியும் வெள்ளை, கொஞ்சம் தடிப்பாக. பிறகு நீலம், காக்கி, வெள்ளை, பச்சையில் ஒரு கீற்று, வெள்ளை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே செம்மண் பொடி, ஆடிக் காற்று கொண்டுவந்தது. அரக்கு, அரசு சீருடை மாறிய பிறகு வந்த பாவாடையாக இருக்கலாம் என்றாள் அத்தை. நீலமும் காக்கியும் அவளுக்கு நன்றாகவே தெரிந்தவை. பச்சை எதுவென்று இருவருக்கும் புரியவில்லை. வெள்ளையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் வெள்ளை வந்துகொண்டே இருந்தது.

மெஷின் டிராயரில் ஆச்சியின் கணக்கு நோட்டு இருக்கிறது. ரவிக்கை எத்தனை, கூலி எவ்வளவு, நூல் வாங்கிய செலவு, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பத்தில் ஒன்று தசமபாகம். அந்தத் தசமபாகத்தையும் பிரித்து எழுதியிருக்கிறாள். சபைக்குப் பாதி, எங்கள் திருநெல்வேலிச் சபை மக்கள் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் பாதி. காலணாக் கணக்குப் பிசகவில்லை. காசு வாங்கித் தைத்ததற்கெல்லாம் வரி இருக்கிறது. வாங்காமல் தைத்ததற்கு நோட்டு முழுவதும் தேடியும் ஒரு வரி இல்லை. அந்தக் கணக்கு தகட்டுக்கு அடியில் இருந்தது. பஞ்சுத் துண்டை ஒரு தகர டப்பாவில் போட்டு நோட்டின் மேல் வைத்திருக்கிறேன்.

தடித்த வெள்ளை எதுவாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரிக் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் கடல் புகுந்து பாழான செய்தி வந்தது. எல்லா ஊரிலும் துணி சேர்த்து லாரியில் அனுப்பினார்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சேர்த்த மூட்டைகளை ஆச்சி பிரித்துப் பார்த்தாள். சேலை குவிந்திருந்தது. உள்பாவாடை ஒன்றுகூட இல்லை. இதைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் எப்படி நாலு பேர் நடுவில் நிற்பாள் என்று கேட்டுவிட்டு, பெட்டித் துணிக்காக வைத்திருந்த வெள்ளைத் துணிச் சுருளை விரித்து வெட்டத் தொடங்கினாள். மூன்று இரவு மெஷின் நிற்கவில்லை. எங்களுக்குத் தூக்கமில்லை. நாடா கோக்கும் வேலை எனக்கும் தம்பிக்கும்.

மெஷினுக்குத் திரும்புகிறேன். மேல்நூலை அடிநூலோடு கோக்கும் ஷட்டிலைக் கழற்றியபோது அதன் ஓடுபாதையில் நூல் துணுக்குகள் மோதிரம்போல் சுற்றியிருந்தன. துடைத்து, மெல்லிய தாளால் மெருகேற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். பாபின் சுற்றும் உருளையின் ரப்பர் வளையம் நொறுங்கிப் போயிருந்தது, புதிது வாங்கி மாட்டினேன். பழைய மண்ணெண்ணெயை எல்லாம் துடைத்துவிட்டு எல்லாத் துளைகளுக்கும் மெஷின் எண்ணெய் விட்டேன். இதை மறக்கக்கூடாது. மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், ஆனால் உரசலைத் தாங்காது.

எல்லாம் மாட்டி முடித்துச் சக்கரத்தைச் சுற்றினேன். சக்கரம் ஓடியது, ஊசி அசையவில்லை. நடுத்திருகை எவ்வளவு இறுக்கினாலும் அப்படித்தான். ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எதையோ உடைத்துவிட்டேனோ என்று பயம். கடைசியில் பக்கத்து ஊரில் முன்பு டெய்லர் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். எண்பதை நெருங்கும் வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு விநாடி பார்த்தார்.

“தம்பி, அந்த வாஷருக்கு உள்ளே இரண்டு காது இருக்கிறது பாருங்கள். அதைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.”

நடுத்திருகுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன வளையம் அது. சரியான பக்கம் உட்கார்ந்தால்தான் திருகு இறுகும்போது சக்கரத்தையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும். எழுந்து வரும்போது, யாருடைய மெஷின் என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அம்மாவுக்குப் பெட்டித் துணி தைத்தது ஆச்சிதானாம். காசு கொடுக்கப் போனபோது, உங்கள் கடையிலிருந்து வெட்டுத்துண்டு இருந்தால் கொடுங்கள், பை தைப்பேன் என்றாளாம். அதற்குப் பிறகு மாதம் ஒரு மூட்டை வெட்டுத்துண்டு அனுப்பிவந்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் துணி மூட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்து ஸ்டாண்டு. தோல் பெல்ட் விறைத்து வெடித்திருந்தது. புதுப் பெல்ட்டை இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் போட்டு, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் குறைத்து வெட்டினேன். தோல் ஓட ஓட இழுபடும். முனையில் துளையிட்டுக் கம்பிக் கொக்கியை மாட்டிக் குறட்டால் அழுத்தினால் முடிந்தது. மிதியின் இரு முனைகளிலும் கூம்புத் திருகுகள் உண்டு. அவற்றில் எண்ணெய் விட்டு, ஆட்டம் போகும்வரை மட்டும் இறுக்கினேன். அதிகம் இறுக்கினால் மிதி கனக்கும்.

மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் மேல்முனையில் ஏதோ துணி சுற்றியிருந்தது. கழற்றிப் பார்த்தால் ஆச்சியின் சேலைக் கரை, விரல் அகலத்துக்குக் கிழித்து எட்டுச் சுற்றுச் சுற்றி, நூலால் தைத்து முடிச்சிட்டது. இணைப்பு தேய்ந்து டக் டக்கென்று சத்தம் போட்டிருக்கிறது. இரவில் தைக்கும்போது பிள்ளைகள் விழிக்கக்கூடாது என்று சுற்றினாள் என்றாள் அத்தை. இணைப்பை இறுக்கி ஒரு தோல் வளையம் போட்டதில் சத்தம் நின்றது. கரையை மறுபடியும் அதே இடத்தில் சுற்றித் தைத்தேன். மெஷினுக்கு அது இப்போது தேவையில்லை, எனக்குத் தேவை.

தலைக்குப் புது வண்ணம் அடிக்கலாம், மோட்டார் வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டையும் செய்யவில்லை. தங்க நிறப் பூவேலை, துணி உரசும் இடத்தில் அழிந்து வெறும் கறுப்பாகிவிட்டது. அழித்தது ஆச்சியின் இடக்கை மணிக்கட்டு. அதன் மேல் வண்ணம் பூச எனக்கு மனமில்லை. மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்ததோடு சரி. சோப்பு நீரும் ஸ்பிரிட்டும் பூவேலையை எடுத்துவிடும், வேண்டாம்.

தையல் சோதனைக்கு 16ஆம் எண் ஊசி போட்டேன். ஊசியின் தட்டைப் பக்கம் கொக்கி வரும் பக்கமாக இருக்க வேண்டும். முதல் தையலில் துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. அடியில் குற்றம் தெரிந்தால் பாபினைத் திருகத் தோன்றும். உண்மையில் அது மேல்நூல் தளர்ந்திருப்பதன் அடையாளம். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே பழைய பஞ்சு உட்கார்ந்து நூலைப் பிடிக்கவிடாமல் செய்திருந்தது. துணியை விட்டுத் துடைத்ததும் பாதி சரியானது. பாபின் கேஸுக்கு அண்ணாச்சி சொன்ன சோதனை. நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால் கேஸ் விழக்கூடாது. கையை ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். நின்றது.

தையலின் நீளத்தை மாற்றும் திருகு ஒரு தகட்டின் பிளவில் மேலும் கீழும் நகரும். தகட்டில் எண்கள். மற்ற இடங்களில் முலாம் மங்கலாகவாவது இருக்கிறது. ஆகக் கீழே, நீளமான தையலுக்குரிய இடத்தில், முலாம் போய் உலோகம் பள்ளம் விழுந்திருக்கிறது. ரவிக்கைக்கும் சட்டைக்கும் யாரும் அங்கே வைத்துத் தைப்பதில்லை. சுருக்கு வைக்கத்தான் அந்த நீளம் வேண்டும். நீளத் தையலாக ஓட்டிவிட்டு, அடிநூலைப் பிடித்து இழுத்தால் துணி சுருங்கி அலையாகும். எத்தனை துக்க மணிக்கு அந்தத் திருகு அங்கே இறங்கியிருந்தால் இரும்பு பள்ளமாகும்!

முதலில் தைத்தது கைப்பிடி அரிசிப் பை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. மிசோரத்துச் சபைகளிலும் 1910 முதல் இது நடக்கிறது, அங்கே பெண்கள்தான் அதைக் கட்டிக்காத்தவர்கள். ஆச்சி ஊரில் வீட்டுக்கொரு பை தைத்துக் கொடுத்திருந்தாள். இப்போது பெரும்பாலும் காணிக்கை உறைதான். பிடி அரிசி எடுக்கும் கையும் பையும் போனதை நான் ஓர் இழப்பாகவே நினைக்கிறேன். உறையில் வாரம் ஒரு நாள் நினைப்பு. பையில் வேளைக்கு வேளை நினைப்பு. அத்தை அளவு சொன்னாள், எட்டங்குலம் அகலம், ஒரு அடி நீளம், வாயில் நாடா. என் தையல் ஓரிடத்தில் வளைந்து போனது. அத்தை பிரிக்கச் சொன்னாள். பிரித்துத் தைத்தேன். அடுத்த வாரத்துக்குள் பதினான்கு பை ஆயிற்று. எட்டு வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். அரிசியும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை இரவு பத்து மணி இருக்கும். துக்க மணி கேட்டது. தெற்குத் தெருப் பெரியவர், பல நாளாகப் படுக்கையில் இருந்தவர். அரை மணி நேரத்தில் வாசலில் கோயில் குட்டியார் நின்றார். பழைய குட்டியாரின் மகன். கையில் துணிப் பொட்டலம்.

“மெஷின் ஓடுகிறது என்றார்கள்.” அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை.

அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் பை தைக்கும் அளவுக்குத்தான் கை வந்திருந்தது. அத்தை முகம் கழுவிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருபது ஆண்டாக அவள் மெஷினில் உட்காரவில்லை. நீளத் திருகைக் கீழே இறக்கினாள், அது பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு டிராயரைத் திறந்து தாளைப் பிரித்து, ஆச்சி சுற்றிவைத்த பாபினை எடுத்தாள். நூலை இரண்டு விரலால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. அதைக் கேஸில் போட்டாள்.

நான் கேட்காமலே மெஷினுக்குப் பின்னால் போய் நின்றேன். பத்து மீட்டர். மிதி ஒரே சீராக ஏறி இறங்கியது, சத்தமில்லை. வெள்ளைத் துணி வந்து வந்து என் கைகளில் விழுந்தது. முடிந்ததும் அத்தை நூலை அறுத்து, அடிநூலின் நுனியைத் தேடிப் பிடித்து மெதுவாக இழுத்தாள். துணி சுருங்கிச் சுருங்கி அலையாக வந்தது. தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.